நவம்பர் 1 படத்துக்கு எந்த ‘ஜன கண மன’?

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வருகிற நவம்பர் 1ஆம் தேதிக்கு ஒரு சின்ன ஆவணப்படம் தயாராகிறது. 1956இல் அந்தத் தேதியில்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு சேர்ந்தன. படம் மொத்தம் பன்னிரண்டு நிமிடம். சுதந்திரம் வந்த காலத்தைச் சொல்லும் இடத்தில் ஒரு நிமிடம் பழைய ‘ஜன கண மன’ ஒலிக்க வேண்டும் என்பது செயலாளர் தம்பியின் ஆசை. “பழசாவும் இருக்கணும், கேக்க நல்லாவும் இருக்கணும், நீங்களே பாத்து எடுத்துத் தாங்க அண்ணாச்சி” என்று என் தலையில் கட்டிவிட்டார். கோட்டாறில் இருபத்தாறு வருடம் மைக் செட் வைத்திருந்தவன் என்பதால் இந்த மாதிரி வேலையெல்லாம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து சேரும்.

பத்து நாளில் ஆறு பதிவுகள் கைக்கு வந்தன. நான்கு போனில் வந்தவை, ஒன்று கேசட், ஒன்று இசைத்தட்டு. ஒவ்வொன்றையும் ஹெட்போனில் பல தடவை கேட்டேன். ஹெட்போனுக்கு ஒரு காரணம் உண்டு. முதல் நாள் படிப்பகத்தில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கலாம் என்று ஆரம்பித்தோம். முதல் பதிவுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். இரண்டாவதுக்கும் நின்றோம். மூன்றாவதுக்குச் சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் எழுந்தார், பாதி சாயா வேட்டியில். தேசிய கீதம் ஒலித்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது உள்துறை அமைச்சகத்தின் விதி. செய்திப் படத்திலோ ஆவணப் படத்திலோ ஒரு பகுதியாக வந்தால் மட்டும் எழ வேண்டியதில்லை என்று அதிலேயே விலக்கும் இருக்கிறது. நம் படத்துக்கு அந்த விலக்கு பொருந்தும். ஆனால் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்த எங்களுக்குப் பொருந்துமா என்று அன்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் ஹெட்போன்.

ஒப்பிடுவதற்கு முன்பே எனக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பழைய பதிவில் குறை இல்லாமல் இருக்காது. கரகரப்பு, இரைச்சல், வேகக் கோளாறு, கரண்டு உறுமல் எல்லாம் இருக்கும். இவற்றில் சரிசெய்ய முடிகிற குறை எது, போனது போனதுதான் என்கிற குறை எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. வேகம் தப்பாக ஓடினால் திருத்திவிடலாம். டப் டப் என்று கேட்கும் கீறல் சத்தத்தைக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஆனால் யாரோ ஒருவர் “சுத்தம் பண்ணுகிறேன்” என்று இரைச்சலோடு சேர்த்துக் குரலின் மூச்சையும் வழித்தெடுத்திருந்தால் அதை எந்தக் கம்ப்யூட்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கேட்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் மதிப்பிடுகிறார்கள். கரகரப்பு இருந்தால் மோசம், இல்லாவிட்டால் அருமை என்று முடித்துவிடுகிறார்கள்.

சட்டென்று ஒதுக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

“தாகூரே பாடியது” என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் வந்தது ஒன்று. யார் எந்த ஊரில் எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்று ஒரு வரித் தகவல்கூட இல்லை. குரல் நன்றாகவே இருக்கிறது. அது போதாதே. படத்தின் கீழே எழுத்துப் போடும்போது என்ன போடுவது? ஒதுக்கிவிட்டேன்.

ஏ.ஆர்.ரஹ்மான் 2000ஆம் ஆண்டு செய்த பதிப்பை இளவட்டங்கள் எல்லோரும் கேட்டார்கள். டி.கே.பட்டம்மாள், பீம்சேன் ஜோஷி, லதா மங்கேஷ்கர் என்று பெரிய குரல்கள். ஒலிப்பதிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1940களின் புகைப்படத்துக்குப் பின்னால் அதைப் போட்டால் பழைய வீட்டுத் திண்ணையில் புது டைல்ஸ் பதித்த மாதிரி இருக்கும். உரிமை வாங்கும் அலைச்சல் வேறு. நம் நாட்டுச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் வெளியான ஆண்டுக்குப் பின் 60 வருடம் காப்புரிமை. ரஹ்மானுடையது இன்னும் பல காலம் உரிமைக்குள்தான் இருக்கும். 1940களில் வந்தவை எப்போதோ வெளியே வந்துவிட்டன. பாட்டின் உரிமைக்கும் கவலை இல்லை, தாகூர் எழுத்துகளின் காப்புரிமை 2001 கடைசியோடு முடிந்தது.

அடுத்தது கேசட். எங்கள் மாமா வீட்டில் 1980களில் ஒரு குடியரசு தினத்தன்று ரேடியோவிலிருந்து பிடித்தது. பாட்டுக்கு முன்னால் செய்தி வரும் நேரத்தின் ‘பிப் பிப்’ ஒலியும் அதில் மாட்டியிருந்தது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேகத்தை அளக்க இதைவிட நல்ல முழக்கோல் கிடைக்காது. பிப்புக்கும் பிப்புக்கும் இடையே சரியாக ஒரு நொடி இருக்க வேண்டும். அளந்தால் 1.03 நொடி. அதாவது கேசட் மூன்று சதவீதம் மெதுவாக ஓடுகிறது. 52 நொடிப் பாட்டு ஐம்பத்து மூன்றரைக்கு இழுக்கிறது. திருத்துவது நிமிட வேலை. ஆனால் நாடா பழசாகி ‘உத்கல’ என்ற சொல்லில் உள்ள ‘த்க’ கரைந்துபோய் ‘உக்கல’ என்று கேட்கிறது. அது சரிசெய்ய முடியாத வகை. 1980களும் நம் கதைக்குப் பிந்திய காலம். பாட்டு முடிந்ததும் “லே, ரேடியோவ அணை” என்று மாமா சொல்வது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சரி, மிச்சம் மூன்று. உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

படிப்பகத் தலைவருக்குப் பிடித்தது ‘ஹாம்பர்க் 1942’ என்று பெயரிட்ட கோப்பு. காரணம் புரிகிறது. 1942 செப்டம்பர் 11ஆம் தேதி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், சுபாஷ் சந்திரபோஸ் கலந்துகொண்ட ஜெர்மன்-இந்தியச் சங்கத் தொடக்க விழாவில் ‘ஜன கண மன’ இசைக்கப்பட்டது. நாடு விடுதலை ஆகுமுன்பே நாட்டுப் பண் என்ற மரியாதையோடு அது ஒலித்த மேடை அது. நேதாஜி என்றால் எங்கள் தலைவருக்கு உயிர். “இதுக்கு மேல என்ன வேணும்வே?” என்று கேட்டார்.

வரலாறு வேறு, கையில் இருக்கும் கோப்பு வேறு. ஹாம்பர்க்கில் என்ன ஒலித்தது என்பதை நான் குறை சொல்லவில்லை. என் போனுக்கு வந்த நகலைத்தான் சொல்கிறேன். யாரோ அதில் இரைச்சல் நீக்கியிருக்கிறார்கள், கொஞ்சநஞ்சம் அல்ல. வயலின்கள் தண்ணீருக்குள் முங்கி வாசிப்பது போலக் குளுகுளுவென்று கேட்கின்றன. ஒரு சுரம் ஓயும்போது அதன் வால் இயல்பாகத் தேயாமல் கத்தரிக்கோலால் வெட்டியது போல நிற்கிறது. அப்புறம் அந்த வெட்டை மறைக்க எதிரொலி சேர்த்திருக்கிறார்கள். நாகர்கோவில் ஹோம் சர்ச் போன்ற பெரிய ஆலயத்துக்குள் கேட்கிற முழக்கம். அதன் மேல் பல கை மாறியதில் எம்பி3 சுருக்கம் வேறு. இவ்வளவும் சேர்ந்தபின் 1942இன் ஒலி அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நல்ல நகல் கிடைத்தால் இதை முதல் இடத்தில் வைக்க நான் தயார். இந்த நகலுக்கு அந்த இடம் கிடையாது.

அடுத்தது ‘ஹம்ராஹி’. 1945இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் எடுத்த இந்திப் படம், பிமல் ராய் இயக்கியது, இசை ஆர்.சி.போரல். நாட்டுப் பண்ணாக 1950 ஜனவரி 24இல் ஏற்கப்படுவதற்கு ஐந்து வருடம் முன்பே ‘ஜன கண மன’ ஒரு திரைப்படத்தில் வந்துவிட்டது. எனக்குக் கிடைத்த கோப்பில் முதல் தடவை கேட்டபோது ஏதோ உறுத்தியது. ஆண்குரல்கள் மீசை முளைக்காத பையன்களின் குரல்போல மெலிந்து கேட்டன. பாட்டிலும் ஒரு அவசரம். கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தால் நொடிக்கு 25 படம், அதாவது 25 பிரேம். விஷயம் அங்கேதான். சினிமா பிலிம் நொடிக்கு 24 படம் ஓடுவது. நம் ஊர் டிவி முறைக்கு 25. அந்தக் காலத்தில் பிலிமை டிவிக்கும் விசிடிக்கும் மாற்றும்போது நொடிக்கு ஒரு பிரேமைக் கூட்டி ஓட்டிவிடுவார்கள். நாலு சதவீத வேகம் ஏறும். சுருதியும் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு மேலே போகும். பழைய படப் பாட்டுகளை டிவியில் கேட்டுவிட்டு இசைத்தட்டில் கேட்டால் சுருதி இறங்கினாற்போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மருந்து சுலபம். கம்ப்யூட்டரில் வேகத்தை 0.96 ஆக்கினேன். சுருதியை அப்படியே வைத்து நேரத்தை மட்டும் நீட்டும் பொத்தான் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடக்கூடாது. வேகமும் சுருதியும் ஒன்றாகக் கெட்டவை, ஒன்றாகத்தான் இறங்க வேண்டும். இறக்கியதும் குரல்களுக்கு நெஞ்சு வந்தது. பெரிய ஆட்கள் பெரிய ஆட்களாகப் பாடினார்கள். பின்னால் சீராக ஒரு ‘ஸ்ஸ்’ இருக்கிறது, பிலிமின் ஓரத்தில் ஒளியால் பதிந்த ஒலிக்கு அது பிறவிக் குணம். நான் கை வைக்கவில்லை.

ஏன் கை வைக்கவில்லை என்று செயலாளர் தம்பி கேட்டார். பாட்டிலேயே பதில் இருக்கிறது. ‘ஜய ஹே’ என்கிற இடத்தில் வரும் ‘ஹ’ வெறும் மூச்சு. ‘ஹிமாசல’ என்பதின் தொடக்கமும் அப்படித்தான். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு மூச்சும் தெரியாது, பிலிம் இரைச்சலும் தெரியாது, இரண்டும் ஒரே ‘ஸ்ஸ்’தான். அதனால் முதலில் தின்பது அந்த ‘ஹ’வை. அதிகம் கழுவிய பதிவில் ‘ஜய ஏ, ஜய ஏ’ என்றுதான் கேட்கும். குரல் உள்ள எந்தப் பழைய பதிவு வந்தாலும் முதலில் இந்த ‘ஹே’வைக் கேளுங்கள், அதற்குள் யார் யார் கை வைத்தார்கள் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். “இது 52 நொடியில் முடியவில்லையே, அப்படியானால் தப்பான பதிவுதானே” என்று ஓர் ஆசிரியர் கேட்டார். முழுக் கீதம் சுமார் 52 நொடி, முதலும் கடைசியுமான வரிகள் மட்டும் வரும் சுருக்க வடிவம் சுமார் 20 நொடி என்பது சுதந்திர இந்தியாவின் முறை. தாகூர் எழுதியது ஐந்து பத்திகள். அது 1911 டிசம்பர் 27இல் கல்கத்தா காங்கிரசில் முதலில் பாடப்பட்டது. 1919இல் அவர் ஆந்திராவின் மதனப்பள்ளியில் தங்கியிருந்தபோது அயர்லாந்துப் பெண்மணி மார்கரெட் கசின்ஸ் சுரக்குறிப்பு எழுதினார். அப்போதெல்லாம் யாரும் கடிகாரம் பார்த்துப் பாடவில்லை. 1950க்கு முந்திய பதிவை 52 நொடிக் கோலால் அளப்பது, திருவிதாங்கூர் சக்கரக் காசை ரூபாய்க் கடையில் கொடுத்து மாற்றக் கேட்பது போலத்தான்.

மூன்றாவது, இசைத்தட்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடசேரிப் பக்கம் தொழிலை விட்டுவிட்ட ஒரு மைக் செட்டுக்காரரின் பரணிலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு, பத்து அங்குலம். பேண்டு வாத்தியம், குரல் இல்லை. மறுபக்கம் ‘வந்தே மாதரம்’. நடுவில் ஒட்டிய லேபிளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. எந்த பேண்டு என்று படிக்க முடியவில்லை. ஆனால் ‘ஜன கண மன’ என்ற இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. விழா முடியும்போது அவசரத்தில் தப்பான பக்கத்தைப் போட்டுவிடாமல் இருக்க நாங்கள் எல்லோரும் போடுகிற குறி அது. எங்கள் ஊர்த் திடல்களில் எத்தனை ஆகஸ்டு 15க்கு இந்தத் தட்டு சுற்றியதோ!

துடைப்பதில் எனக்கு ஒரு பழைய பாவக் கணக்கு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு 78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். துணியெல்லாம் கருப்பு. அழுக்கு வருகிறது என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வந்தது அழுக்கு இல்லை, தட்டு. அரக்கில் செய்த தட்டு ஸ்பிரிட்டில் கரையும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தத் தடவை பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி. லேபிளில் ஈரம் படாமல், பாட்டு பதிந்த பள்ளத்தின் போக்கிலேயே துடைத்தேன்.

ஊசியும் முக்கியம். 78 தட்டின் பள்ளம் அகலம், பின்னால் வந்த நீண்ட நேர எல்பி தட்டினுடையது குறுகல். எல்பி ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில்தான் ஓடும், பாட்டைவிடக் கரகரப்பு முன்னே வரும். நல்லவேளை, என்னிடம் இருந்த பழைய பிளேயரில் திருப்பிப் போடுகிற ஊசி, ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்பி. போனில் சுற்றும் பல பழைய பதிவுகள் “ரொம்பத் தேய்ந்த தட்டு” போலக் கேட்பதற்குத் தட்டைவிட ஊசிதான் காரணம் என்பது என் சந்தேகம்.

வேகத்துக்குப் பழைய முறைதான். விளிம்பில் 77 கோடுகள் போட்ட வட்டக் காகிதத்தைத் தட்டின்மேல் வைத்து டியூப் லைட் வெளிச்சத்தில் சுற்ற விட வேண்டும். நம் கரண்டு 50 சைக்கிள் என்பதால் டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மினுங்கும். கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தால் வேகம் நிமிடத்துக்கு 77.92 சுற்று. அதுதான் 78. எல்ஈடி பல்பில் இது சரியாகத் தெரிவதில்லை, வீட்டில் மிச்சமிருந்த ஒரே டியூப் லைட்டைக் கழற்றிவந்து மாட்ட வேண்டியிருந்தது. இப்படி வேகம் வைத்து ஓட்டினால் பாட்டு 52 நொடிக்கு அரை நொடிகூட முன்னே பின்னே போகவில்லை. பாட்டுக்கு முன்னால் டிரம் உருட்டலும் இருக்கிறது. மெதுவாக ஆரம்பித்து, உச்சத்துக்கு ஏறி, திரும்ப இறங்கி, ஏழாவது அடி வரை காதில் விழுந்து, ஓர் அடி நின்று, பிறகு கீதம். அரசு விதியில் எழுதியிருப்பதும் இதே வரிசைதான்.

அந்த உருட்டல்தான் என் முடிவைத் தீர்மானித்தது. தட்டிலிருந்து நான் எடுத்த நகலைச் செயலாளர் தம்பி ஆர்வத்தில் ஒரு செயலியில் போட்டுச் சுத்தம் செய்து கொண்டுவந்தார். “பாருங்க அண்ணாச்சி, கரகரப்பே இல்ல.” உண்மைதான், இல்லை. ஆனால் உருட்டலின் முதல் இரண்டு அடிகளையும் காணோம். மெல்லத் தொடங்கும் அந்தக் குச்சிச் சத்தம் கரகரப்புக்கு அடியில் கிடந்தது, செயலி இரண்டையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிட்டது. மூன்றாவது அடியில் டிரம் வானத்திலிருந்து விழுந்தது போல ஆரம்பிக்கிறது. இரண்டு நகல்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “மொத நகலே இருக்கட்டும்” என்றார்.

தட்டுக்கும் குறை இல்லாமல் இல்லை. நடு ஓட்டை மயிரிழை விலகியிருப்பதால் நீண்ட சுரங்களில் ஊஞ்சல் ஆடுவதுபோல ஒரு சின்ன அசைவு, சுற்றுக்கு ஒரு தடவை. இரண்டு இடத்தில் பெரிய கீறல். அந்த இரண்டை மட்டும் கையால் எடுத்தேன். மீதிக் கரகரப்பு அப்படியே இருக்கிறது. தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் அந்தக் கரகரப்பு இன்னும் கூர்மையாகக் குத்தும், குழாய்க்கு அந்தப் பகுதிதான் உரக்க வரும். எனவே படம் மண்டபத்துக்குள் பெட்டி ஸ்பீக்கரில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஹம்ராஹியா, தட்டா? ஹம்ராஹியில் சொற்கள் உண்டு. ‘திராவிட’ என்று கேட்கும்போது கூட்டத்தில் ஒரு சிலிர்ப்பு வரும், அதுவும் நவம்பர் 1இல். நான்கூட இரண்டு நாள் அந்தப் பக்கம் சாய்ந்தேன். ஆனால் விழா முடிவில் பள்ளிப் பிள்ளைகள் மேடையில் நின்று கீதத்தைப் பாடத்தான் போகிறார்கள். சொற்கள் அங்கே உயிரோடு வந்துவிடும். தட்டு இந்த மாவட்டத்தில் ஓடிய தட்டு. நகலில் சந்தேகம் வந்தால் திரும்ப ஊசி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், மற்ற இரண்டில் அதற்கு வழியில்லை. ஒரு தட்டின் மதிப்பை நேருவே சொல்லியிருக்கிறார். 1947இல் நியூயார்க் ஐ.நா. பொதுச்சபையில் நம் நாட்டுப் பண்ணைத் தரும்படி கேட்டபோது, நம் குழுவிடம் ‘ஜன கண மன’ பதிவு ஒன்று இருந்தது, அதை வாத்தியக் குழுவிடம் கொடுத்தார்கள், அவர்கள் பயிற்சி செய்து வாசித்தார்கள் என்று 1948 ஆகஸ்டு 25இல் அவர் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். ஆகவே என் ஓட்டு தட்டுக்கு. பிள்ளைகள் பாடும் ஏற்பாடு ஏதாவது காரணத்தால் நின்றுபோனால், வேகம் திருத்திய ஹம்ராஹி. தலைவர் இன்னும் ஹாம்பர்க் என்றுதான் முனகுகிறார். அந்த நிகழ்ச்சியைப் படத்தில் எழுத்தாகப் போடலாம் என்று சமாதானம் செய்திருக்கிறோம்.

எல்லாம் முடிவான பிறகு ஒரு பாட்டா வந்து குட்டையைக் குழப்பினார். திருவிதாங்கூர் காலத்தில் சுசீந்திரம் பக்கம் பள்ளிக்கூடம் படித்தவர். “மக்கா, நாங்க அப்பம் பள்ளிக்கூடத்துல இதையா பாடினோம்? வஞ்சி பூமிலா பாடினோம்!” என்றார். அவர் சொல்வது சரி. மலையாளக் கவிஞர் உள்ளூர் எஸ்.பரமேஸ்வர ஐயர் எழுதிய ‘வஞ்சி பூமி பதே சிரம்’தான் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கீதம். 1947 வரை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் நாட்டுப் பாட்டு. அதற்கு எங்கே போய்ப் பதிவு தேடுவது என்று யோசித்தேன். தேடுவானேன், பாடினவரே எதிரில் இருக்கிறார். போனை மேசைமேல் வைத்து அவரையே பாடச் சொன்னேன். இரண்டு வரி கணீரென்று வந்தது, மூன்றாவது வரியில் இருமல், பின்னால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். படத்தின் தொடக்கத்தில் அந்த இரண்டு வரி வருகிறது. விசிலை எடுக்கவில்லை, அது ‘சிரம்’ என்ற சொல்லின்மேல் விழுந்திருக்கிறது.

தட்டின் நகலை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இரண்டு இடத்தில் போட்டு வைத்திருக்கிறோம், ஒன்று படிப்பகக் கம்ப்யூட்டரில், ஒன்று என் வீட்டு ஹார்டு டிஸ்கில். தட்டை மட்டும் நான் இன்னும் கொடுக்கவில்லை. படிப்பகத்து அலமாரி மேற்குச் சுவரோரம் இருக்கிறது, சாயங்கால வெயில் நேராக அடிக்கும். அலமாரியை மாற்றட்டும், கொடுத்துவிடுகிறேன்.